மறுவாழ்வின் மீதிப் பாதி: வேலூரைச் சுற்றிப்பார்க்கும் உரிமை

வேலூரிலிருந்து கணியம்பாடிக்குப் போகும் வழியில், பாகாயத்தில், 1966இல் ஒரு மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதன் பின்னும் அவர் அறுவை சிகிச்சையைக் கைவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையின் தலைமையை ஏற்றார். முதுகுத்தண்டு அடிபட்ட ஒருவர் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், தன் உடலைத் தானே பேணவும், ஊர் திரும்பிப் பிழைப்பைத் தேடிக்கொள்ளவும் அந்த நிலையத்தில் பழக்கப்படுகிறார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் இந்தப் பணிக்கு ஒரு மறுபாதி உண்டு. மருத்துவமனை உடலைத் தயார்செய்து அனுப்புகிறது. அந்த உடலோடு போய்வரக்கூடிய ஊரை அமைப்பது அரசும் சமூகமும் செய்யவேண்டிய வேலை. முதல் பாதியில் நாட்டுக்கே முன்னோடியாக நின்ற வேலூர்ப் பகுதி, இரண்டாம் பாதியை இன்னும் முடிக்கவில்லை. அதை வேலூர்க் கோட்டையிலிருந்து தொடங்குவதே பொருத்தம், அதற்கு வேண்டிய அறிவும் கைத்திறனும் இந்த மண்ணிலேயே இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேலூருக்கு வரும் பயணிகளின் இயல்பைப் பார்த்தாலே இந்த வாதத்தின் முதல் காரணம் தெரியும். மற்றச் சுற்றுலா ஊர்களுக்குப் பெரும்பாலும் உடல்நலமுள்ளவர்கள் விடுமுறையைக் கழிக்க வருகிறார்கள். வேலூருக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும், எல்லை கடந்து வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சை தேடி வருகிறார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி ஊரையே இப்படி மாற்றிவிட்டது. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் நோயாளியும் துணைக்கு வந்தவர்களும் பல நாட்கள் தங்குகிறார்கள். பரிசோதனை முடிவுக்கும் அடுத்த முறை மருத்துவரைப் பார்ப்பதற்கும் இடையே கிடைக்கும் நாளில் கோட்டைக்கும், அதனுள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கும், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் போகிறார்கள். ஊன்றுகோலோடு நடப்பவரும், அறுவை சிகிச்சைத் தையல் இன்னும் ஆறாதவரும், மூச்சு வாங்குவதால் இருபது படி ஏற முடியாதவரும் இந்த ஊரின் வழக்கமான பயணிகள். இவர்களோடு, பாகாயத்தில் பழகிவிட்டுக் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் வாழ்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த ஊரிலும் தடையற்ற வழி வேண்டும் என்பது நியாயம். வேலூரிலோ வருபவர்களில் பெரும்பகுதியினரின் அன்றாடத் தேவையே அதுதான்.

சுற்றிப்பார்ப்பது ஆடம்பரம், மாற்றுத்திறனாளிகளுக்கு முதலில் வேலையும் ஓய்வூதியமும் மருத்துவமும் கிடைக்கட்டும், கோட்டையைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த வரிசையை ஏற்க முடியாது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்குபெறுவதை உரிமையாகவே வைக்கிறது. நூலகம், அருங்காட்சியகம், சுற்றுலாச் சேவை ஆகியவற்றோடு தேசியப் பெருமையுள்ள நினைவுச்சின்னங்களையும் அது குறிப்பிடுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் பண்பாட்டையும் பொழுதுபோக்கையும் அரசின் கடமைக்குள் கொண்டுவருகிறது. சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. மாற்றுத்திறனாளியை நோயாளியாக, பயனாளியாக, மனு கொடுப்பவராக மட்டுமே அரசு அலுவலகங்கள் சந்திக்கின்றன. 1806 ஜூலை 10 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வேலூர்க் கோட்டையில் நின்று தன் நாட்டு வரலாற்றை அறிந்துகொள்ளும்போது அவர் எதையும் வேண்டிப் போனவராக இல்லை. அந்த வரலாற்றின் வாரிசாக, மற்றெல்லாரையும் போல ஒரு குடிமகனாக, குடிமகளாக நிற்கிறார். மறுவாழ்வின் நோக்கம் அந்த நிலையை எட்டுவதுதான் என்றால், அதைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவைப்பதில் பொருளில்லை.

கோட்டை என்ற கட்டடமே ஆளை உள்ளே விடாமலிருக்கக் கட்டப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் எழுப்பிய வேலூர்க் கோட்டை, 133 ஏக்கர் பரப்பில் கருங்கல் மதிலும் அகழியுமாக நிற்கிறது. உள்ளே கோயிலும் பள்ளிவாசலும் பிரிட்டிஷார் கட்டிய புனித ஜான் தேவாலயமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. நடப்பவர் கண்ணில் படாத பல விஷயங்கள் சக்கர நாற்காலியில் வருபவருக்கு முழுத் தடையாகிவிடும். கோபுர வாசலின் கல் நிலைப்படி, மண்டபத்தின் உயர்ந்த மேடை, காலத்தால் ஏறியிறங்கிய தரைக்கல், வாகனம் நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவிலுள்ள சரளை மண் எல்லாம் அப்படிப்பட்டவை. பொதுவாக ஏற்கப்பட்ட அளவின்படி சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும். ஒரு அடி உயரம் ஏற பன்னிரண்டு அடி நீளம் தேவை. அரை அடி நிலைப்படிக்கு ஆறு அடிப் பலகை போதும். மூன்று அடி மேடைக்கு முப்பத்தாறு அடி நீளமும் இடையில் இளைப்பாறச் சமதளமும் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் சிமெண்டைக் குவித்துச் செங்குத்தாக அமைத்த சரிவில் நாற்காலி பின்னோக்கிச் சாய்ந்து ஆளைக் கவிழ்த்துவிடும். ஆகவே முதலில் தேவைப்படுவது ஓர் அளவெடுப்பு. எந்த வாசலில் எவ்வளவு உயரம், எங்கே எவ்வளவு அகலம், எந்த இடத்தில் நிழல், எங்கே கழிப்பறை என்று மாற்றுத்திறனாளிகளையே உடன் வைத்துக்கொண்டு அளந்து எழுதிய பட்டியல் வேண்டும். மேரி வர்கீஸ் நிலையத்தில் நாள்தோறும் நாற்காலியையும் வீட்டு வாசலையும் அளந்துகொண்டிருக்கும் சிகிச்சையாளர்கள் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறார்கள்.

தொன்மைக்குச் சேதம் வரும் என்பது எதிர்ப்புகளில் மிக வலுவானது. 1958ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட இடத்தில் நினைத்தபடி துளையிடவோ கட்டவோ கூடாது. கூடவே கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சேதமில்லாமல் வழி அமைக்க முடியாது என்பது உண்மையில்லை. ஸ்பெயினின் ஆவிலா நகரம் இடைக்கால மதிலால் புகழ்பெற்றது. அந்த மதிலின் ஒரு பகுதியில் சக்கர நாற்காலி ஏற வழி செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் தடையற்ற நகரங்களுக்குத் தரும் விருதை முதன்முதலாக, 2011க்கு, பெற்றதும் அந்நகரமே. 2017இல் அதே விருதைப் பெற்ற இங்கிலாந்தின் செஸ்டரும் மதில் சூழ்ந்த பழைய ஊர்தான். 2019இல் விருது பெற்ற நெதர்லாந்தின் பிரேடா நகரில், நடுவூர்த் தெருவின் பழைய உருளைக் கற்களைத் தூக்கி எறியவில்லை. கல்லை அறுத்து, தட்டையான பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பதித்தார்கள். தெருவின் பழந்தோற்றமும் நிலைத்தது, சக்கரமும் ஓடியது. ஏதென்சின் அக்ரோபோலிஸ் இரண்டு பாடங்களைத் தருகிறது. 2020 டிசம்பரில் குன்றின் வடபுறத்தில் அமைந்த புதிய மின்தூக்கி செங்குத்தான பாறைமேட்டைப் பலருக்குத் திறந்துவிட்டது. அதே காலத்தில் மேலே போடப்பட்ட கான்கிரீட் பாதையைத் தொல்லியலாளர்கள் பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் வழி அமைத்த முறையின் மேல் எழுந்தது. எல்லாரும் மேலே போக வேண்டும் என்ற நோக்கத்துக்கு அது மறுப்பாகாது. கல்லில் ஆணியடிக்காமல் வைத்து, வேண்டும்போது தடயமின்றிக் கழற்றக்கூடிய மரம், உலோகப் பாதைகளே தொன்மைக்கும் மனிதருக்கும் ஒருசேர நியாயம் செய்பவை.

இந்தியத் தொல்லியல் துறைக்கு இது தெரியாத வித்தை இல்லை. 2001 ஜனவரியில் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தபோது, செங்கோட்டை, குதுப்மினார் உள்ளிட்ட நினைவுச்சின்னங்களில் அவருடைய நாற்காலி போவதற்காகத் தற்காலிக மரச் சாய்தளங்கள் போடப்பட்டன. உலகறிந்த ஒருவருக்காக அந்தப் பாதைகள் விரைந்து அமைந்தன. முடியுமா என்ற கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. யாருக்காகச் செய்வோம் என்ற கேள்விதான் மிச்சம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சீர்செய்ய விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டு கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்த விதிகளில் 15(1) வெறும் பரிந்துரையாக இருப்பதால் அது தாய்ச்சட்டத்துக்கே முரண் என்று கூறி, கட்டாயமான விதிகளை வகுக்க உத்தரவிட்டது. ஆக, மனமிருந்தால் செய்யலாம் என்ற நிலையை நீதிமன்றமே மூடிவிட்டது.

கோயிலைப் பற்றிப் பேசும்போது எதிர்ப்பின் நிறம் மாறுகிறது. தெருவில் உருண்ட சக்கரம் கோயிலுக்குள் வரலாமா, காலோடு பிணைத்த கேலிப்பரும் செருப்பும் சந்நிதி வரை வரலாமா என்ற கேள்விகள் பக்தியிலிருந்து எழுபவை. அவற்றுக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். ஜலகண்டேஸ்வரர் கோயிலின் வரலாறே ஒரு பதில். பல நூற்றாண்டுகள் வழிபாடில்லாமல், சிற்ப அழகுக்கான நினைவுச்சின்னமாக மட்டும் கிடந்த அந்தக் கோயிலில் 1981இல் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டு வழிபாடு தொடங்கியது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற நிலையும் மக்களின் வழிபாடும் அங்கே இணங்கி வாழ்கின்றன. மக்களின் தேவைக்காக ஒருமுறை இடம் கொடுத்த ஏற்பாடு, இன்னொரு சாராரின் தேவைக்கும் இடம் கொடுக்க முடியும். சக்கரத்துக்கான தீர்வு எளிது: கோயிலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் தூய்மையான நாற்காலிகள். தன் சொந்த நாற்காலியை விட்டு மாற முடியாத உடல்நிலை கொண்டவருக்கு வாசலில் சக்கரத்தைக் கழுவித் துடைக்க ஓர் ஏற்பாடு போதும். தேரிலும் சகடையிலும் சாமியையே ஊர்வலம் கொண்டுவரும் மரபு நம்முடையது; சக்கரத்தைத் தீட்டாகக் கருத அங்கே இடமில்லை.

காலணிதான் கடினமான கேள்வி. இதில் வேலூருக்கென்றே ஒரு பதில் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேலூரிலும் கரிகிரி தொழுநோய் மையத்திலும் பணியாற்றிய பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் ஓர் உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டினார்கள். தொழுநோயாளியின் விரலும் பாதமும் அழிவதற்குப் பெரும்பங்கு காரணம் வலி தெரியாமல் போவதும், அதனால் கவனிக்கப்படாமல் பெருகும் காயமும்தான். நீரிழிவால் பாத உணர்விழந்தவர்களுக்கும் இதே ஆபத்து. சித்திரை வெயிலில் கொதிக்கும் கருங்கல் தரையில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றும் அப்படிப்பட்டவருக்குச் சுடுவதே தெரியாது. அறைக்குத் திரும்பிய பிறகுதான் கொப்புளம் தெரியும், அது புண்ணாகி மாதக்கணக்கில் படுக்க வைக்கும். கால் சூம்பியவரின் கேலிப்பரோ பூட்ஸோடு சேர்ந்தது. அதைக் கழற்றினால் அவரால் நிற்கவே முடியாது. கரிகிரியும் வேலூரும் இத்தகைய பாதங்களுக்காக மைக்ரோசெல்லுலார் ரப்பர் அடிப்பாகம் கொண்ட மென்மையான காலணியை உருவாக்கிப் பரப்பின. இந்த ரப்பரில் தோல் இல்லை. துணி மேற்பாகமும் ரப்பர் அடிப்பாகமும் கொண்ட, கோயிலுக்குள் மட்டுமே பயன்படும், துவைத்து வைக்கக்கூடிய காலணியைச் செய்துவிட்டால், தோலும் தெருவழுக்கும் உள்ளே வரக்கூடாது என்ற பக்தரின் கவலைக்கு இடமிருக்காது. கேலிப்பரின் பூட்ஸுக்கு மேல் இழுத்துக் கட்டும் துணி உறையும் அப்படியே. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகச் சந்தைக்குக் காலணி தைத்து அனுப்பும் ஊர்கள். அந்தக் கைகளுக்கு இது ஒரு நாள் வேலை. அதோடு நடைபாதை நெடுகத் தென்னைநார் விரிப்பு போட்டு நீர் தெளித்தால், எல்லாப் பக்தர்களின் காலும் பிழைக்கும்.

சாய்தளம் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது இந்தத் துறையில் பரவலான தவறு. ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்கள் நாயக்கர் காலக் கல்தச்சரின் உச்சங்களில் ஒன்று. யாளியும் குதிரை வீரனும் கொடியும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட அந்தத் தூண்களின் அழகு, பார்வையற்ற ஒருவருக்கு விரல் வழியாக மட்டுமே சேர முடியும். கை பட்டுப் பட்டுக் கல் தேயும் என்ற பாதுகாவலரின் அச்சமும் சரியானதே. இரண்டையும் இணைக்கும் வழி, சிற்பத்தின் அளவான நகல். மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கல்வி நடந்துவருகிறது. அங்கே பயின்ற கைகள் ஒரு யாளித் தூணையும் கோட்டையின் முழு அமைப்பையும் தொட்டறியும் கல் வடிவில் செய்து, பிரெயில் குறிப்போடு வாசலில் வைக்க முடியும். கண் பார்வை உள்ள குழந்தைகளும் அதைத் தொட்டுத்தான் கோட்டையின் வடிவத்தைப் புரிந்துகொள்வார்கள். காது கேளாதவர்களுக்கு 1806இன் கதையை இந்தியச் சைகை மொழியில் சொல்லும் காணொளி வேண்டும். கூட்டமும் இரைச்சலும் தாங்காத ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் வாரத்தில் சில அமைதியான நேரங்களும், உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே படங்களால் காட்டும் எளிய கையேடும் வேண்டும். 2007இல் திறக்கப்பட்ட ஸ்ரீபுரத்தில் நட்சத்திர வடிவ நடைபாதை ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். அங்கே தூரமே தடையாகலாம். ஊன்றுகோலில் நடப்பவர் ஐம்பது அடிக்கு ஒருமுறை உட்கார இடம் தேடுவார்.

இவ்வளவையும் எத்தனை பேருக்காகச் செய்வது, நாற்காலியில் வருபவர்களைக் கோட்டையில் காணோமே என்று கேட்பது வழக்கம். வழி இல்லாத இடத்துக்கு ஆள் வரவில்லை என்பதை, ஆள் இல்லாததால் வழி வேண்டாம் என்பதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளையும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேரையும் பதிவுசெய்தது. முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள், சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. செலவைப் பொறுத்தவரை, சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதை நல்ல உதாரணம். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஏறத்தாழ 1.14 கோடி ரூபாய். அலையைக் கிட்டத்தில் பார்த்தே இராதவர்கள் அதன் வழியாகக் கடலருகே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது. இப்படிப்பட்ட திட்டங்கள் வீண் என்பதற்கு அதைச் சிலர் சான்றாக்கினார்கள். புயலில் சாலை பெயர்ந்தால் சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, திரும்பப் போடுகிறோம். மாற்றுத்திறனாளியின் பாதைக்கும் அதே நியாயம் பொருந்தும். மெரினா உண்மையில் கற்றுத்தருவது, திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தோடு ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் நிதி ஒதுக்க வேண்டும் என்பதைத்தான்.

நம் மக்கள் இளகிய மனம் கொண்டவர்கள், வாசலில் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள் என்பது கடைசியாக வரும் சமாதானம். அந்த உதவும் மனத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் முதுகுத்தண்டு அடிபட்ட உடலைப் பழகாத கைகள் தூக்குவது ஆபத்து. உணர்வில்லாத இடத்தில் ஒரு சிராய்ப்பு படுக்கைப் புண்ணாகிவிடும். முன்பின் தெரியாத ஆண்கள் தன்னைத் தூக்குவதை ஒரு பெண் ஏன் ஒவ்வொரு வாசலிலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்? ரதூரி வழக்கின் தீர்ப்பு, எல்லாருக்கும் முன்கூட்டியே அமைந்திருக்க வேண்டிய தடையற்ற வசதியையும், ஒரு தனிமனிதர் கேட்கும்போது அவருக்கேற்பச் செய்துதரும் ஏற்பாட்டையும் வேறுபடுத்திக் காட்டியது. தூக்கிவிடும் கைகள் இரண்டிலும் சேராது. கேட்டுப் பெறுவது ஒருநாள் கிடைக்கும், மறுநாள் கிடைக்காது. யாரையும் கேட்காமல் தானே உள்ளே போய்த் தானே வெளியே வருவதற்குத்தான் சுதந்திரம் என்று பெயர். பாகாயத்தில் மாதக்கணக்கில் கைகளை வலுவாக்கிப் பழகியவர் அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் பழகினார்.

இனி இதைக் கணியம்பாடியிலிருந்து பார்ப்போம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையிலுள்ள இந்த வட்டாரத்துக் கிராமங்களில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலப் பிரிவு பல பதிற்றாண்டுகளாக மருத்துவப் பணி செய்கிறது. வீடு தேடி வரும் மருத்துவம் இங்கே புதிதில்லை. ஆனால் இங்குள்ள ஒரு சக்கர நாற்காலிக்காரர் கோட்டையைப் பார்க்கக் கிளம்பினால், வீட்டு வாசலிலிருந்து சாலை வரை ஊராட்சி, பேருந்துப் படிக்கட்டில் போக்குவரத்துக் கழகம், இறங்கியபின் நடைபாதையில் மாநகராட்சி, கோட்டைக்குள் தொல்லியல் துறை, சந்நிதியில் கோயில் நிர்வாகம் என ஐந்து அதிகாரங்களைக் கடந்தாக வேண்டும். ஏதாவது ஒன்று தன் பங்கைச் செய்யாவிட்டால் மற்ற நான்கும் செய்தது வீண். மறுதிசையில் ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி வன உயிரினப் பூங்காவுக்குப் போனால் வனத்துறையும் சேரும். எனவே துறைக்கொரு திட்டம் உதவாது. மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில், மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் மேரி வர்கீஸ் நிலையத்தின் சிகிச்சையாளர்களும் கரிகிரியின் காலணி வல்லுநர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே வழித்தடத்தை முழுமையாகச் சீர்செய்ய வேண்டும்: கணியம்பாடியிலிருந்து பாகாயம் வழியாகக் கோட்டை வரை, தாழ்தளப் பேருந்து, சமமான நடைபாதை, கோட்டையில் கழற்றக்கூடிய சாய்தளம், பூட்டாத கழிப்பறை, கோயிலில் நாற்காலியும் காலணியும். பத்து இடங்களில் பத்துப் பாதி வேலைகளைவிட, தொடக்கம் முதல் முடிவு வரை திறந்திருக்கும் ஒரு வழித்தடம் மேலானது. ஒன்று முழுமையாக நடந்தால் ஸ்ரீபுரமும் அமிர்தியும் அதைப் பார்த்துச் செய்யும். திருவண்ணாமலையும் செஞ்சியும் கேட்கும்.

மலையும் பாறையும் உள்ள சில இடங்களுக்கு எல்லாரும் போக முடியாமல் இருக்கலாம், ஐ.நா. உடன்படிக்கையும் நினைவுச்சின்னங்களைப் பொறுத்தவரை இயன்ற அளவு என்றே சொல்கிறது. இயன்ற அளவு எது என்பதை முயன்று பார்த்தபின் சொல்ல வேண்டும், முயலாமலிருக்க அதைக் காரணமாக்கக் கூடாது. வேலூர்க் கோட்டை மலைமேல் இல்லை, ஊருக்கு நடுவே சமதரையில் இருக்கிறது. அளந்து சொல்லும் மருத்துவ அறிவும், தைத்துத் தரும் கைத்தொழிலும், கட்டளையிடும் சட்டமும் அருகிலேயே இருக்கின்றன. இத்தனையும் கூடிவந்த ஊரில் வேலை நடக்காவிட்டால் அதற்குப் பழைய கல்லைக் காரணம் சொல்ல முடியாது. ஆட்சியர் அலுவலகத்தின் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இந்த ஒரு வழித்தடத்துக்குப் பொறுப்பாளரும் நிதியும் முடிவுத் தேதியும் எழுதப்பட வேண்டும். வேலூர் மக்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.